அந்தத் தெரு ஏன் அமைதியாக இருக்கிறது?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது, "அமைதியான ஏரியா சார்." தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா, மழைக்குத் தெரு மூழ்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அமைதி என்றால் சத்தம் இல்லாத நிலை என்று அகராதி சொல்லும். தரகர் சொல்வது அதை அல்ல என்பது நம்மில் வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் யார் இல்லை என்பதைத்தான் அவர் சொல்கிறார். அடுத்த கேள்வி "நீங்க எந்த ஊர்?" என்பதில் ஆரம்பித்து, "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்பதில் போய் நிற்கும்.

தோழர்களே, இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. அமைதியான புறநகர் வாழ்க்கை என்பதை உலகத்துக்கே விளம்பரம் செய்து விற்ற நாடு அது. முன்னால் புல்தரை, பக்கத்தில் கார் நிறுத்த இடம், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் அப்பா. இந்தப் படத்தைத்தான் ஓ.எம்.ஆர். சாலை நெடுகிலும் கேட்டட் கம்யூனிட்டி விளம்பரங்களில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது, சட்டகத்துக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்ற வரலாறு சாதியை அறிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் கடும் வீட்டுப் பஞ்சம். மாமனார் வீட்டு ஒற்றை அறையிலும், ராணுவத்தின் தகரக் கொட்டகைகளிலும் இளம் குடும்பங்கள் முடங்கிக் கிடந்தன. அப்போது லெவிட் அண்ட் சன்ஸ் என்ற கட்டுமான நிறுவனம், நியூயார்க்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களை வாங்கியது. 1947 அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடியேறின. 1951-க்குள் அங்கே 17,447 வீடுகள். லெவிட்டவுன் என்று பெயர்.

கட்டிய விதம் அன்றைக்கு அதிசயம். கார் தொழிற்சாலையில் கார் நகர்ந்து போகும், தொழிலாளி ஒரே இடத்தில் நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளி நகர்ந்தார். வேலையை இருபத்து சொச்சம் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒருவர் வெள்ளை வண்ணம் மட்டும் அடிப்பார், இன்னொருவர் சிவப்பு மட்டும். வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடுகள் எழும்பின. ஒவ்வொன்றும் 750 சதுர அடி. மாத வாடகை 60 டாலர். சொந்தமாக வாங்க வேண்டுமென்றால் 1949 மாடல் 7,990 டாலர். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டோடு வந்தன. 1950 மாடலில் தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்துப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டைம் வாரஇதழ் அட்டையில் வில்லியம் லெவிட்டின் படம் வந்தது.

அங்கே வாழ்வது நன்றாகவே இருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புறநகர் வாழ்க்கை சலிப்பானது, எல்லோரும் ஒரே அச்சு என்று நகரத்து அறிவாளிகள் எழுதித் தள்ளினார்கள். ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் நியூஜெர்சியில் லெவிட் கட்டிய மூன்றாவது ஊரில் தானே வீடு வாங்கிக் குடியிருந்து பார்த்து, 1967-இல் 'தி லெவிட்டவுனர்ஸ்' என்ற நூலை எழுதினார். மக்கள் அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள், வீடு தங்களுடையது என்ற நிம்மதி இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. ஒண்டுக் குடித்தனத்தில் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு அந்த நிம்மதியின் விலை தெரியும். அதனால்தான் கேட்கிறோம், அது ஏன் சிலருக்கு மட்டும்?

அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு விதிப்பட்டியல் இருந்தது. வேலி போடக் கூடாது. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், இல்லையென்றால் நிறுவனமே ஆளை அனுப்பி வெட்டிவிட்டு கூலியை உங்களிடம் வாங்கும். கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது, சுழலும் கம்பியில்தான் காயப்போட வேண்டும், அதுவும் வார நாள்களில் மட்டும். இவற்றோடு ஒப்பந்தத்தில் 25-ஆவது பிரிவும் இருந்தது. வெள்ளை இனத்தவர் தவிர வேறு எவரும் இந்த வீட்டைப் பயன்படுத்தவோ குடியிருக்கவோ வாடகைதாரர் அனுமதிக்கக் கூடாது என்றது அது. அடுத்த வரியிலேயே ஒரு விதிவிலக்கு. வீட்டு வேலைக்காரர்கள் வேறு இனத்தவராக இருக்கலாம்.

அந்த விதிவிலக்கை இன்னொரு முறை வாசியுங்கள். கறுப்பரின் கை சமையலறைக்குள் வரலாம், பாத்திரம் கழுவலாம், குழந்தையைத் தூக்கலாம். இரவு அங்கே அவர் தன் வீட்டில் தூங்கக் கூடாது, அவ்வளவுதான். கழனியில் நம் கை வேண்டும், ஊர்த் தெருவில் நம் கால் கூடாது என்ற ஏற்பாட்டை அறிந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பர்களும் விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள். யூஜின் பர்னெட் என்ற கறுப்பின முன்னாள் படைவீரர் 1949-இல் மனைவியோடு மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு விண்ணப்பப் படிவம் கேட்டார். கறுப்பர்களுக்கு விற்பதென்று உரிமையாளர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, இது தன் தனிப்பட்ட விருப்பம் அல்ல என்று விற்பனையாளர் சொல்லி அனுப்பினார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஹவுஸ் ஓனர்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார்." நம் தரகர்கள் இந்த வசனத்தை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. உலகத்தில் எங்கெல்லாம் ஒதுக்கி வைப்பது நடக்கிறதோ அங்கெல்லாம் இது தானாக முளைக்கிறது.

ராபர்ட் மெரிடே என்ற கறுப்பர் சொந்தமாக லாரி நிறுவனம் நடத்தினார். லெவிட்டவுன் வீடுகளுக்கான சுவர்ப்பலகைகளை ஏற்றி இறக்கியது அவருடைய லாரிகள். அவர் குடும்பத்து இளைஞர் வின்ஸ் மெரிடே, கடற்படையில் பணியாற்றியவர், அங்கே வீடு கேட்டபோது மறுக்கப்பட்டார். சுவரைச் சுமந்து வந்தவருக்குச் சுவருக்குள் இடமில்லை.

லெவிட் யூதர். யூதர்களும் அன்றைக்குப் பல அமெரிக்கக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டவர்கள்தான். அவர் 1954-இல் அளித்த விளக்கம் வெளிப்படையாகவே இருந்தது. தனக்குத் தனிப்பட்ட முறையில் இனவெறுப்பு எதுவும் இல்லை, ஆனால் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் 90 முதல் 95 சதவீத வெள்ளையர்கள் வாங்க மாட்டார்கள், வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம் அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்றார். ஒடுக்கப்பட்ட அனுபவம் மட்டும் ஒருவரை ஒடுக்குமுறைக்கு எதிரானவராக ஆக்கிவிடாது. நம்மூர் இடைநிலைச் சாதி அரசியலைப் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் லெவிட்டோடு நிறுத்திக்கொள்வது வசதியான வாசிப்பு. அவர் ஒரு வியாபாரி. பணமும் விதியும் அரசாங்கத்துடையவை. 1934-இல் உருவான கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகளின் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. கடன் திரும்பாவிட்டால் அரசு பொறுப்பு. அதனால் வட்டி குறைந்தது, தவணைக் காலம் நீண்டது, சாதாரணத் தொழிலாளியும் வீடு வாங்க முடிந்தது. எந்த வீட்டுக்குக் காப்பீடு தரலாம் என்று மதிப்பிட அந்த நிர்வாகம் ஒரு கையேடு வெளியிட்டது. ஒரு குடியிருப்பு நிலையாக இருக்க வேண்டுமென்றால் அங்கே ஒரே சமூக, இன வகுப்பினரே தொடர்ந்து வசிக்க வேண்டும் என்றது அந்தக் கையேடு. இசைவற்ற இனக்குழுக்கள் நுழையாமல் காக்க நெடுஞ்சாலை போன்ற தடுப்புகள் உதவும் என்றது. இந்த 'மேன்யுவல்' என்ற சொல்லுக்குள்ளேயே மனு ஒளிந்திருக்கிறார் என்று நம் தோழர் ஒருவர் கிண்டல் செய்வார்.

இதற்கு முன்பே, 1933-இல் தொடங்கப்பட்ட இன்னொரு அரசு நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களை நான்கு நிறங்களில் தீட்டியது. பச்சை நல்ல பகுதி, பிறகு நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்கள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்புக்குள் வந்தன. ஆசிரியர், மருத்துவர் வாழும் தெருவாக இருந்தாலும் கறுப்பர் தெரு என்றால் சிவப்பு. 1944-இல் படைவீரர்களுக்கென்று வந்த சலுகைச் சட்டம் எழுத்தில் யாரையும் ஒதுக்கவில்லை. நடைமுறையில் நியூயார்க்கிலும் வட நியூஜெர்சியிலும் அச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட 67,000 வீட்டுக் கடன்களில் வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் போனவை 100-க்கும் குறைவு.

டெட்ராய்ட் நகரில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். கறுப்பர் குடியிருப்புக்கு அருகில் வெள்ளையர்களுக்கான புதிய மனைகள் போட்ட ஒருவருக்குக் கடன் காப்பீடு மறுக்கப்பட்டது, கறுப்பர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற காரணத்தால். 1941-இல் அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். காப்பீடு கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, ஒரு பகுதியில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள்.

சுவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மதுரை மாவட்டத்து உத்தபுரம். 1989-இல் எழுப்பப்பட்ட சுவர் அது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே மாதம் அதன் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் தலித் மக்களின் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். ஆபத்தான சுவர் என்று மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது அமைதியான வீடு.

சட்டம் என்ன செய்தது? 1917 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இன அடிப்படையில் தெருக்களைப் பிரிக்கும் நகராட்சி விதிகள் செல்லாது என்று பியூக்கனன் வழக்கில் தீர்ப்பளித்தது. கறுப்பரின் சமத்துவத்துக்காக அல்ல, விரும்பியவருக்கு விற்கும் சொத்துரிமைக்காக. அதே 1917-இல்தான் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்து வேலையில் சேரப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அறையைக் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பம்பாய் ரயிலுக்காகப் பூங்காவில் உட்கார்ந்து காத்திருந்ததை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இரண்டு நாடுகளின் வரலாறும் இப்படித் தேதி ஒட்டி நிற்கிறது. அதே அம்பேத்கர்தான் 1946-இல் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதி கேட்டார். லெவிட்டவுனின் முதல் வீடு நிரம்புவதற்கு ஓராண்டு முன்னால்.

நகராட்சி விதி கூடாது என்றதும் வெள்ளையர்கள் தனியார் ஒப்பந்தத்துக்கு மாறினார்கள். கறுப்பருக்கு விற்க மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது. தனியார் ஒப்பந்தத்தில் அரசியல் சட்டம் தலையிடாது என்று உச்ச நீதிமன்றம் 1926-இல் சொன்னது. அதே ஆண்டு யூக்லிட் என்ற சிற்றூர் வழக்கில், தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்கு வீடுகளைத் தடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. நல்ல குடியிருப்பை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்று அடுக்கு வீட்டை அத்தீர்ப்பு வருணித்தது. சத்தம், நெரிசல், பிள்ளைகள் விளையாட இடமின்மை என்று காரணங்களை அடுக்கியது. இனம் என்ற சொல் அந்த வாதத்துக்குத் தேவைப்படவில்லை. ஏழைகளை நிறுத்தினால் போதும், மற்றவர்கள் தாமாக நின்றுவிடுவார்கள்.

ஷெல்லி வழக்கில் 1948 மே மாதம் அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்ற தீர்ப்பு வந்தது. லெவிட் 25-ஆவது பிரிவை நீக்கினார். விற்பனையில் எந்த மாற்றமும் இல்லை. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் புதிய இனவிலக்குப் பத்திரங்களுக்குக் காப்பீடு தருவதை நிறுத்த 1950 வரை ஆனது. 1960-இல் லாங் ஐலண்ட் லெவிட்டவுனில் ஏறக்குறைய 82,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் கறுப்பர் ஏறக்குறைய எவரும் இல்லை.

இப்போது 1957-க்கு வருவோம். பென்சில்வேனியாவில் லெவிட் கட்டிய இரண்டாவது ஊர். பகுதிக்குப் பகுதி ஒரே எழுத்தில் தொடங்கும் தெருப் பெயர்கள். டாக்வுட் ஹாலோ என்ற பகுதியில் டீப்கிரீன் லேன். ஆகஸ்ட் 13 அன்று பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதியர் மூன்று பிள்ளைகளோடு அங்கே குடிவந்தார்கள். பில் முன்னாள் படைவீரர், குளிர்சாதனத் தொழில்நுட்பம் அறிந்தவர். டெய்சி கல்லூரி படித்த ஆசிரியை. கடைசிக் குழந்தை கைக்குழந்தை. லெவிட் விற்க மாட்டார் என்பதால் முன்பிருந்த வெள்ளைக் குடும்பத்திடமிருந்து வாங்கினார்கள். வங்கிகள் தயங்கின. நியூயார்க்கைச் சேர்ந்த கொடையாளர் ஒருவர் தனிப்பட்ட முறையில் கடன் கொடுத்தார்.

விஷயத்தை முதலில் தெருவெங்கும் கத்திச் சொன்னவர் தபால்காரர். மாலைக்குள் வீட்டு முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்தடுத்த நாள்களில் அது 600 பேர் வரை போனது. முன்பக்கக் கண்ணாடி கல்லெறிந்து உடைக்கப்பட்டது. உள்ளூர் போலீஸ் வேடிக்கை பார்த்தது. ஒரு காவல் அதிகாரியே கல்லடிபட்டு மயங்கி விழுந்த பிறகுதான் மாநிலக் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. கூட்டம் போனாலும் தொல்லை நிற்கவில்லை. பின்பக்கத்தில் காலியாக இருந்த ஒரு வீட்டை மன்றம் என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை அதில் ஏற்றினார்கள். இரவெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டு, மையர்ஸ் வீட்டுப் படுக்கையறையை நோக்கி. சிலுவைகளை எரித்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்த வெக்ஸ்லர் என்ற யூதக் குடும்பம் மையர்ஸ் குடும்பத்துக்குத் துணை நின்றது. அவர்கள் வீட்டுச் சுவரில் கே.கே.கே. என்று எழுதப்பட்டது.

கவனியுங்கள். அமைதியைத் தேடி வந்தவர்கள், அமைதி கெட்டுவிடும் என்று பயந்தவர்கள், அந்தத் தெரு அதுவரை கேட்டிராத சத்தத்தை எழுப்பினார்கள். மையர்ஸ் குடும்பம் உள்ளே குழந்தையைத் தூங்கவைக்க முயன்றுகொண்டிருந்தது. "அவங்க வந்தா பிரச்சினை வரும்" என்று எந்த ஊரிலும் சொல்வார்கள். பிரச்சினையைக் கொண்டுவருவது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

க்வேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரும் சில அயலவர்களும் வீட்டில் வந்து துணைக்கு இருந்தார்கள், உடைந்ததைச் சரிசெய்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள். தீண்டாமைக்கு எதிராகப் பேசும் நண்பர்கள் நமக்கும் உண்டு, ஆனால் இரவு காவலுக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். மாநில அரசு வழக்குத் தொடுத்து, அக்டோபரில் நீதிமன்றம் தொல்லைக்குத் தடை விதித்த பிறகே தெரு அடங்கியது. மையர்ஸ் குடும்பம் அங்கே நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. 1999-இல் அந்தப் பகுதியின் மேயர் டெய்சியை அழைத்து மன்னிப்புக் கேட்டார், 42 ஆண்டுகள் கழித்து. 2011-இல் டெய்சி மறைந்தார்.

நியூஜெர்சி லெவிட்டவுனில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. கறுப்பருக்கு விற்க மாட்டேன் என்று லெவிட் 1958-இல் வெளிப்படையாகச் சொன்னார். மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போனது. 1960-இல் நிறுவனம் பணிந்தது, கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. தெருவில் கூட்டம் கூடவில்லை, கண்ணாடி உடையவில்லை. 95 சதவீதம் பேர் ஓடிவிடுவார்கள் என்ற கணக்கு என்ன ஆயிற்று? சட்டம் உறுதியாக நின்றால், பயந்த மனிதர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக மாறிவிடுகிறார்கள். மனம் மாறிய பிறகு சட்டம் வரட்டும் என்று நமக்கு உபதேசிப்பவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

நாடு முழுமைக்குமான வீட்டு உரிமைச் சட்டம் 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது ஏப்ரல் 4. அதற்கு ஒரு வாரம் தேவைப்பட்டது என்று எழுதுவதா, ஒரு கிங் தேவைப்பட்டார் என்று எழுதுவதா?

அதற்குப் பிறகும் 'அமைதி' என்ற சொல் நீதிமன்றத்தில் ஆட்சி செய்தது. லாங் ஐலண்டிலேயே பெல் டெர் என்ற சிறு ஊர். உறவினர் அல்லாத இரண்டு பேருக்கு மேல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழக் கூடாது என்று விதி போட்டது. ஆறு கல்லூரி மாணவர்கள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்ததால் வழக்கு. 1974-இல் உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விசாலமான முற்றமும், குறைந்த ஆட்களும், அமைதியான ஒதுக்கமும் ஓர் ஊர் விரும்பத்தக்க நியாயமான நோக்கங்கள் என்றது. அந்த அமர்வில் இருந்த கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் மறுத்து எழுதினார். வாடகை கட்ட முடியாமல் ஐந்தாறு பேர் சேர்ந்து அறை எடுக்கும் மாணவர்களே, "பேச்சிலர்ஸ்க்கு கிடையாது" என்ற பலகையின் முன் நிற்பவர்களே, உங்கள் வழக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்து தோற்றிருக்கிறது.

எழுத்தில் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு நிலைமை என்ன? நியூஸ்டே நாளிதழ் மூன்றாண்டுகள் லாங் ஐலண்டில் சோதனை செய்தது. ஒரே வருமானம், ஒரே தேவை சொல்லும் இரண்டு பேர். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர் அல்லது ஹிஸ்பானியர் அல்லது ஆசியர். மறைவான ஒளிப்பதிவோடு ஒரே தரகரிடம் தனித்தனியாகப் போனார்கள். 2019 நவம்பரில் முடிவுகள் வெளியாயின. கறுப்பர்கள் போன சோதனைகளில் 49 சதவீதத்தில் பாகுபாட்டுக்கான அடையாளங்கள், ஹிஸ்பானியர்களுக்கு 39, ஆசியர்களுக்கு 19. யாரும் கல்லெறியவில்லை. ஒருவரிடம் கடன் அனுமதிக் கடிதம் கேட்டார்கள், மற்றவரிடம் கேட்கவில்லை. ஒருவருக்கு ஒரு தெருவைக் காட்டினார்கள், மற்றவருக்கு வேறு தெருவை. எல்லாம் சிரித்த முகத்தோடு, மிக அமைதியாக.

2012 பிப்ரவரியில் புளோரிடாவில் சான்ஃபர்ட் என்ற ஊரின் மதில் சூழ்ந்த குடியிருப்பில் 17 வயது டிரேவான் மார்ட்டின் கடைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தான். குடியிருப்பின் காவல் தன்னார்வலர் ஒருவருக்கு அவன் சந்தேகத்துக்குரியவனாகத் தெரிந்தான். அன்றிரவு அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் விடுதலையானார்.

ஆசியர்களுக்கு 19 சதவீதம் என்று பார்த்தோம். அந்த ஆசியர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் போன இந்தியர்களில் பெருவாரியானோர் மேல்சாதியினர். வெள்ளையரின் பார்வையில் படும் நிறத்தைப் பற்றி அவர்கள் நியாயமாகவே குமுறுவார்கள். அதே வீட்டின் வரவேற்பறையில் புதிதாக வந்த இந்தியரிடம் "உங்க முழுப்பேரு என்ன?" என்ற விசாரணை நடக்கும். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, வேலையோடு வீட்டையும் அதில் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல.

நம் நாட்டில் 1968 அமெரிக்கச் சட்டத்தைப் போல ஒன்று இல்லை. இருப்பது வேறு. 2005-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அகமதாபாத்தைச் சேர்ந்த பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர் தகுதியைத் தன் சமூகத்துக்கு மட்டும் என்று சங்கம் வரையறுத்துக்கொள்ளலாம் என்றது. கூடிவாழும் சங்க உரிமை என்று அதற்குப் பெயர். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்தின் அக்கறையை நாம் புரிந்துகொள்ள மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்தால் அதற்குள் யார் யார் நுழைவார்கள் என்பது முக்கியம். ஷெல்லி தீர்ப்புக்கு 57 ஆண்டுகள் கழித்து, அம்பேத்கர் குஜராத் மண்ணில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு 88 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் புறநகரிலிருந்து கறுப்பர்களைத் தடுத்தார்கள். சென்னையில் நம்மைப் புறநகருக்கு அனுப்புகிறார்கள். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை செய்த இடத்திலிருந்து, பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால். அவற்றுக்கு மிக அருகிலேயே நாம் முதலில் சொன்ன விளம்பரங்களின் கேட்டட் கம்யூனிட்டிகள். ஒரே ஓ.எம்.ஆர்., ஒரே வெயில். இங்கிருந்து பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போகிறார்கள். 25-ஆவது பிரிவின் விதிவிலக்கு இங்கே எழுதப்படாமலே நடைமுறையில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பதற்கு அமைதி என்று பெயர், இந்தப் பக்கம் இருப்பதற்கு 'குற்றப் பகுதி' என்று பெயர். கண்ணகி நகர் என்று முகவரி எழுதியதால் வேலை கிடைக்காத இளைஞர்கள் நம் கூட்டங்களுக்கு வருகிறார்கள்.

நியூஜெர்சியில் மவுண்ட் லாரல் என்ற ஊர். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் வாடகை தாங்க முடியாமல், குறைந்த விலை வீடுகள் கட்ட அனுமதி கேட்டபோது, 1970-இல் மேயர் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து, வசதி இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும் என்றார். எத்தல் லாரன்ஸ் என்ற ஆசிரியை முன்னின்று வழக்குத் தொடுத்தார். ஊர்கள் தங்கள் பங்குக்கு ஏழைகளுக்கான வீடுகளுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகள் எழும்ப 2000 ஆண்டு வரை ஆனது, அதற்குள் எத்தல் இறந்துவிட்டார். குற்றம் பெருகும், வீட்டு விலை சரியும் என்று எதிர்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். பிற்பாடு டக்ளஸ் மாசி என்ற சமூகவியலாளர் குழுவோடு போய் ஆராய்ந்தார். குற்றம் பெருகவில்லை, விலை சரியவில்லை. பக்கத்தில் குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அங்கே ஏழைகளுக்கென்று ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை.

நியூஸ்டே செய்த சோதனையைச் செய்ய பெரிய பணம் வேண்டாம். சுகதேவ் தோராட் குழுவினர் தலைநகர் டெல்லிப் பகுதியில் இதே முறையில் தொலைபேசியிலும் நேரிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்து, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன பதில் வருகிறது என்று 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். சென்னையின் புறநகர் ஒவ்வொன்றிலும் இதைச் செய்யலாம். ஒரே சம்பளம், ஒரே வேலை சொல்லும் இரண்டு பேர். ஒரே டு-லெட் பலகை. தேதி, நேரம், வாடகை எவ்வளவு சொன்னார்கள், என்ன கேட்டார்கள், வீடு எப்போது 'போய்விட்டது' என்று வரிவரியாக எழுதி வையுங்கள். மாணவர் விடுமுறையில் மூன்று வாரம் போதும். தொடங்குகிற தோழர்கள் படிவத்தை நாம் சேர்ந்தே தயாரிக்கலாம்.